'சூடு'ன்னு நினைச்சு விட்டுடாதீங்க... குடல் நோயை மலையிலிருந்தே கண்காணிக்கலாம்!

கொடைக்கானல் ஏரி, தூண் பாறை, குணா குகை எல்லாம் பார்த்து முடித்தவர்கள் அடுத்து வண்டியைத் திருப்புகிற ஊர் மன்னவனூர். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாகச் சுமார் 35 கி.மீ. பச்சைப் புல்வெளி, ஏரி, மத்திய அரசின் செம்மறி ஆடு ஆராய்ச்சி மையம், மலைச்சரிவில் படிப்படியாக கேரட், பூண்டு, உருளைக்கிழங்கு என்று கண்ணுக்குக் குளிர்ச்சியான இடம். போட்டோ எடுக்க வருகிறவர்களுக்கு அந்த 35 கி.மீ ஒரு ஜாலியான டிரிப்.

அதே ஊரில் குடியிருக்கும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எட்டு முறை வயிற்றைக் கலக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்த ரோடே வேறு மாதிரி தெரியும்.

பஸ்ஸில் ஏறினால் வளைவுக்கு வளைவு குலுக்கும். அவசரம் என்றால் நடுவழியில் இறங்கி ஒதுங்க இடம் கிடையாது. குடல் நோய்க்கான சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டுமானால் மலையை விட்டு இறங்கி, மதுரை மாதிரி பெரிய ஊருக்குத்தான் போக வேண்டும். கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு மேலும் சுமார் 120 கி.மீ. ஒரு செக்கப்புக்கு ஒரு நாள் கூலி போகும். சில நேரம் ராத்திரி தங்கவும் வேண்டியிருக்கும். அறுவடை நேரத்தில், 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அந்த 'அடுத்த மாசம்'தான் இந்த நோயில் ஆபத்து.

எல்லாமே மூலம் இல்லை!

மலத்தில் ரத்தம் வந்தால் நம் ஊரில் முதலில் சொல்கிற வார்த்தை 'மூலம்'. அடுத்தது 'சூட்டு உடம்பு, மோர் குடி, வெந்தயம் போடு'. பஸ் ஸ்டாண்டு சுவர்களில் ஒட்டியிருக்கும் 'மூலம், பௌத்திரம்' போஸ்டரைப் பார்த்து நேராக அங்கே போகிறவர்களும் உண்டு. பல பேருக்கு அது மூலமாகவே இருக்கலாம். ஆனால் ரத்தத்தோடு சளி, வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, ராத்திரி தூக்கத்தைக் கெடுத்து எழுப்பும் அவசரம், எடை குறைவு, ரத்தசோகை எல்லாம் சேர்ந்துகொண்டால் குடல் அழற்சி நோயாக இருக்கலாம். மருத்துவர்கள் சுருக்கமாக 'ஐ.பி.டி' என்பார்கள்.

இதில் முக்கியமாக இரண்டு வகை. பெருங்குடலின் உள்தோலில் புண்கள் வருவது 'அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்'. வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும், குடல் சுவரின் ஆழம் வரைக்கும் பாதிப்பது 'கிரோன்ஸ்'. 1932-ல் நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் கிரோன், தன் சகாக்கள் இருவருடன் சேர்ந்து இதை விவரித்து எழுதியதால் அவர் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது.

'இதெல்லாம் வெளிநாட்டுக்காரங்களுக்கு வர்ற வியாதி' என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சாபில் வீடு வீடாகப் போய் எடுத்த ஒரு கணக்கெடுப்பின் முடிவு 2003-ல் வெளியானது. ஒரு லட்சம் பேரில் சுமார் 44 பேருக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் இருந்தது. நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குடலில் வரும் காசநோயும் கிரோன்ஸும் அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரியும். கொலோனோஸ்கோப்பி, திசுப் பரிசோதனை எல்லாம் செய்தும் சில சமயம் மருத்துவர்களே குழம்பிப்போவார்கள். அதனால், நோய் என்ன என்று கண்டுபிடிக்கிற முதல் கட்டத்தை எந்த ஆப்பும் செய்துவிட முடியாது. அதற்கு மலை இறங்கித்தான் ஆக வேண்டும்.

செல்போனுக்கு வேலை வருவது அதற்குப் பிறகு. ஏனென்றால் இந்த நோய் ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும். சர்க்கரை, பி.பி போல தினமும் ஒரே மாதிரி இருக்காது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட அடங்கிக் கிடக்கும். திடீரென்று ஒரு வாரம் கிளம்பும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதிக் கொடுத்த செக்கப் தேதியெல்லாம் அதற்குத் தெரியாது. டாக்டர் முன்னால் போய் உட்காரும் அன்று எல்லாம் நன்றாக இருக்கும்; வீட்டுக்கு வந்த பத்தாவது நாள் ரத்தம் போகும். அந்தப் பத்தாவது நாளில் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

ஆப் வருவதற்கு முன்பே கிடைத்த பதில்

இந்தக் கேள்விக்கு முதலில் பதில் தேடியவர்கள் கையில் செயலி எதுவும் இல்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதி ஆய்வாளர்கள் 203 அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான செக்கப். இன்னொரு பிரிவினரிடம், 'நோய் கிளம்பினால் எந்த அறிகுறி முதலில் வரும், அப்போது எந்த மருந்தை எவ்வளவு கூட்ட வேண்டும், எப்போது எங்களைக் கூப்பிட வேண்டும்' என்று உட்கார்ந்து பேசி, ஆளுக்கு ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

2001-ல் 'லான்செட்' இதழில் வந்த முடிவு இது: வழக்கமான பிரிவில் நோய் கிளம்பியதிலிருந்து சிகிச்சை தொடங்க சராசரியாக 49.6 மணி நேரம் ஆனது. கையில் திட்டம் இருந்தவர்களுக்கு 14.8 மணி நேரம். மருத்துவமனைக்குப் போன தடவைகளும் வருடத்துக்கு ஏறத்தாழ மூன்றிலிருந்து ஒன்றுக்கும் கீழே இறங்கின. வெறும் பேப்பர், முறையான பயிற்சி, போனை எடுக்கிற ஒரு மருத்துவமனை. அவ்வளவுதான்.

அந்தப் பேப்பரை இணையத்துக்குக் கொண்டு வந்தது டென்மார்க். 'கான்ஸ்டன்ட் கேர்' என்ற இணையத் திட்டத்தை டென்மார்க், அயர்லாந்து இரண்டு நாடுகளிலும் 333 நோயாளிகளிடம் ஒரு வருடம் சோதித்தார்கள். நோயாளி வீட்டிலிருந்தபடியே தன் அறிகுறிகளைப் பதிய வேண்டும். டிராஃபிக் சிக்னல் மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அவர் நிலையைத் திரை காட்டும். பச்சை தாண்டினால், ஏற்கெனவே பேசி வைத்த முறைப்படி மெசலமின் மருந்தின் அளவைக் கூட்ட வேண்டும். 2010-ல் வெளியான முடிவின்படி, டென்மார்க்கில் வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களுக்கு ஒரு முறை நோய் கிளம்பினால் அடங்க 77 நாள் ஆனது. இணையம் வழியாகக் கண்காணித்தவர்களுக்கு 18 நாள்.

77 நாளுக்கும் 18 நாளுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு விவசாயக் குடும்பத்திடம் விளக்க வேண்டியதில்லை. ஒரு பருவத்து வெள்ளாமையே அதில் போய்விடும்!

அடுத்து நெதர்லாந்து. 'மை ஐ.பி.டி கோச்' என்ற திட்டத்தை 909 பேரிடம் சோதித்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். கிரோன்ஸ் நோயாளிகளும் இதில் சேர்க்கப்பட்டார்கள். அறிகுறிகளோடு மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா, மன அழுத்தம், சோர்வு எப்படி என்றும் அந்தத் திட்டம் விசாரித்தது. புறநோயாளி வருகை வருடத்துக்கு 2.34-லிருந்து 1.55 ஆகக் குறைந்தது. மருத்துவமனையில் அட்மிட் ஆவதும் பாதியாகக் குறைந்தது. சிகிச்சையின் தரம் பற்றி நோயாளிகள் தந்த மதிப்பெண்ணில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை.

நல்ல செய்தியை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. அமெரிக்காவில் 348 பேருக்கு வாராவாரம் அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை செல்போனில் கேள்வி அனுப்பிக் கண்காணித்தார்கள். 2019-ல் வந்த முடிவில், நோயின் தீவிரத்தில் வழக்கமான சிகிச்சைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மருத்துவமனையில் சேர்வது குறைந்தது; பதிலுக்கு போன் அழைப்புகளும் பரிசோதனைகளும் கூடின. ஆக, கேள்வி கேட்டு மெசேஜ் அனுப்பினால் மட்டும் குடல் ஆறிவிடாது. அந்தப் பக்கம் பதிலைப் படிக்க ஒரு நர்ஸோ மருத்துவரோ வேண்டும், இந்தப் பக்கம் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த நோயாளி வேண்டும். எந்த ஆப்பை டவுன்லோடு செய்வதற்கு முன்னாலும் கேட்க வேண்டியது இதைத்தான்: இதில் பதிவதை யார் பார்ப்பார்கள்?

நம்மிடம் என்ன இருக்கிறது?

டெல்லி எய்ம்ஸ், குடல் அழற்சி நோயாளிகளுக்காக 'ஐ.பி.டி நியூட்ரிகேர்' என்ற செயலியைக் கொண்டு வந்திருக்கிறது. சாப்பிட்டதைப் பதிவு செய்து சத்துக்கணக்குப் பார்க்க இது உதவும். இட்லி, சாம்பாரையே பார்க்காத வெளிநாட்டு ஆப்களோடு மல்லுக்கட்டுவதைவிட நம் நாட்டில் உருவானது வசதி.

மத்திய அரசின் 'இ-சஞ்சீவனி' 2019 நவம்பரில் தொடங்கியது. முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் மருத்துவர் பெரிய மருத்துவமனையில் இருக்கும் நிபுணரோடு வீடியோவில் பேசுவதற்காக வந்தது இது. 2020 ஏப்ரலில், லாக்டவுன் நேரத்தில், பொதுமக்களே வீட்டிலிருந்து மருத்துவரிடம் பேசும் வசதியும் சேர்ந்தது. செல்போன் எண்ணைப் பதிந்து, டோக்கன் வாங்கி, வரிசை வந்ததும் பேசலாம். கட்டணம் இல்லை. அந்த வருடம் இதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்னணியில் இருந்தது.

அதற்குச் சற்று முன்பு, 2020 மார்ச் 25-ல் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள், பதிவு பெற்ற மருத்துவர் போன், வீடியோ, வாட்ஸ்அப் மூலமாகவும் ஆலோசனை சொல்லலாம், மருந்துச் சீட்டு தரலாம் என்று தெளிவுபடுத்தின. 'நேரில் பார்த்தே ஆக வேண்டும்' என்று மருத்துவர் சொன்னால் நேரில் போகத்தான் வேண்டும். ஏற்கெனவே சிகிச்சை தரும் மருத்துவரிடம், 'இடையில் பிரச்னை வந்தால் போனில் பேசலாமா, எந்த எண், எந்த நேரம்?' என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். நிறைய பேர் கூச்சப்பட்டுக் கேட்காமல் வந்துவிடுகிறார்கள்.

மேல்மலைக் கிராமங்களில் சிக்னல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கிடைக்காது. அதனால் வீடியோ காலை நம்பி உட்கார்ந்திருக்காமல், இணையம் இல்லாதபோதும் வேலை செய்கிற ஒரு பதிவு கையில் இருக்க வேண்டும். போனின் நோட்ஸ் போதும். 80 பக்க நோட்டும் போதும்.

ஆறு கேள்விகள்... ஒரு நிமிடம்!

அதில் என்ன எழுதுவது? அல்சரேட்டிவ் கோலைட்டிஸுக்கு 1998-லேயே ஓர் எளிய மதிப்பெண் முறையை வகுத்துவிட்டார்கள். டென்மார்க் நோயாளிகள் கணினியில் பதிந்ததும் அதைத்தான். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதுவும் தேவையில்லை. ஆறே ஆறு கேள்விகள்.

பகலில் எத்தனை முறை போனது? ராத்திரி எத்தனை முறை எழுந்தது? வந்தால் அடக்க முடிகிறதா, ஓட வேண்டியிருக்கிறதா, துணியிலேயே ஆகிவிடுகிறதா? ரத்தம் லேசாகவா, கண்ணுக்குத் தெரியும்படியா, பெரும்பாலும் ரத்தமாகவேவா? பொதுவாக உடம்பு எப்படி இருக்கிறது? மூட்டு வலி, கண் சிவப்பு, தோலில் கட்டி மாதிரி குடலுக்கு வெளியே ஏதாவது?

ஆறாவது கேள்வியைப் பார்த்துப் பலர் ஆச்சர்யப்படுவார்கள். முழங்கால் வீங்கினால் காட்டு வேலை என்றும், கண் சிவந்தால் தூசி என்றும் நினைத்து விட்டுவிடுவது வழக்கம். குடல் அழற்சி நோய் மூட்டையும் கண்ணையும் தோலையும்கூடத் தொடும்.

ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண் உண்டு; மொத்தம் 19. ஐந்து அல்லது அதற்கு மேல் போனால் நோய் கிளம்பியிருக்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். எந்தப் பதிலுக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடமே கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். நன்றாக இருக்கும்போது வாரம் ஒருமுறை, உடம்பு சரியில்லாதபோது தினமும் பதிந்தால் போதும்.

மலம் எப்படி இருந்தது என்று வாயால் சொல்ல யாருக்கும் சங்கடம்தான். அதற்கும் வழி உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உருவான ஒரு படத்தில் ஏழு வகை மலம் வரையப்பட்டிருக்கும். ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டையாக இருந்தால் 1. வெறும் தண்ணீராகப் போனால் 7. 'இன்னைக்கு ஆறு, டாக்டர்' என்று நம்பரைச் சொன்னால் மருத்துவருக்குப் புரிந்துவிடும். பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தாலும் பிரச்னையில்லை!

இதே நோட்டில் இன்னொரு கட்டமும் வேண்டும்: இன்று மாத்திரை சாப்பிட்டதா, இல்லையா. அடங்கியிருக்கும் காலத்தில்தான் மாத்திரை மறக்கும். 'நல்லாத்தானே இருக்கு, எதுக்கு?' என்று நிறுத்திவிடுவார்கள். 2003-ல் அமெரிக்காவில் 99 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், மெசலமின் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது. போனில் ஓர் அலாரம் வைப்பது, இந்தக் கட்டுரையில் சொன்ன எல்லா ஆப்களையும்விட எளிதான டிஜிட்டல் கருவி.

அலாரம் அடிக்கும்போது வீட்டில் மாத்திரை இருக்க வேண்டுமே! மழை பெய்து மலைப்பாதையில் மரமோ மண்ணோ சரிந்தால் சில நாள் போக்குவரத்து நின்றுவிடலாம். இந்த நோய்க்கான மாத்திரைகள் எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் இருக்காது. இரண்டு வாரத்துக்குத் தேவையானது எப்போதும் கையிருப்பில் இருப்பது நல்லது. அடலிமுமாப் போன்ற ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் அதை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். 'எங்க ஊரே ஃபிரிட்ஜ்தானே' என்று ஜன்னலோரம் வைத்துவிடக் கூடாது. பகல் வெயிலும் கெடுக்கும், உறைபனியும் கெடுக்கும்.

பூண்டு சாப்பிடலாமா?

போனில் தேடினால் முதலில் கிடைக்கிற அறிவுரை, 'வெங்காயம், பூண்டை நிறுத்துங்கள்' என்பது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய உணவு முறையும் அதன் செயலியும் உலகம் முழுக்கப் பிரபலம். அந்தப் பட்டியலில் தவிர்க்கச் சொல்லும் முதல் வரிசையில் பூண்டு இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டை விளைவிக்கும் ஊர்க்காரரிடம் இதைச் சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்!

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அந்த உணவு முறை முக்கியமாக 'ஐ.பி.எஸ்' என்ற இன்னொரு பிரச்னைக்கானது. அதில் குடல் எளிதில் எரிச்சலடையும், புண் இருக்காது. பூண்டில் இருக்கும் ஒருவகை மாவுச்சத்து வாயுவை உண்டாக்கி, சிலருக்கு வயிற்றை உப்பவைக்கும். ஐ.பி.டி-யில் வரும் அழற்சியை, பூண்டை நிறுத்துவதால் மட்டும் ஆற்றிவிட முடியாது. ஒரே எழுத்து வித்தியாசம் என்பதால் இரண்டையும் கலந்து படித்துவிட்டு, பருப்பு, பால், காய்கறி என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் வெறும் கஞ்சியில் வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே ரத்தமும் எடையும் குறையும் நோயில் அது இன்னொரு அடி.

சாப்பிட்டதையும் நோட்டில் எழுதி வந்தால், தன் வயிற்றுக்கு எது உண்மையிலேயே ஆகவில்லை என்பது சில வாரங்களில் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் வயிற்றுக்கு ஆகாதது இவருக்கு ஆகலாம். குடல் சுருங்கியிருக்கும் கிரோன்ஸ் நோயாளிகளுக்கு நார் அதிகமுள்ள உணவு அடைப்பை உண்டாக்கலாம் என்பதால், பட்டியலை மருத்துவரிடம் காட்டிய பிறகே எதையும் மாற்ற வேண்டும்.

உணவைவிட அவசரமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று, வலி மாத்திரை. நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்துவிட்டு, இடுப்பு வலிக்கு டைக்ளோபினாக், இபுபுரூபன் போட்டுக்கொள்வது சர்வசாதாரணம். இந்த வகை மாத்திரைகள் குடல் அழற்சியைக் கிளப்பிவிடக் கூடியவை. எந்தக் கடையில் எந்த மாத்திரை வாங்கினாலும், 'எனக்குக் குடல் புண் நோய் இருக்கு' என்று சொல்லிவிட வேண்டும். அதேபோல ஸ்டீராய்டு. பழைய சீட்டைக் காட்டி வாங்கித் தாமாகவே தொடர்வதும் தவறு, சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. 'ஒரே மாதத்தில் வேரோடு குணம்' என்று வாட்ஸ்அப்பில் வரும் பொடி, லேகியத்துக்காக மருந்தை நிறுத்திவிட்டு, பிறகு மோசமான நிலையில் ஆஸ்பத்திரிக்கு வருவதும் நடக்கிறது.

போன் யார் கையில்?

வீட்டுக்கு ஒரே ஸ்மார்ட்போன் என்றால், காலையில் பையன் பாடம் படிப்பான், மாலையில் அப்பா மண்டி விலை பார்ப்பார். அதில் மருமகளோ, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்ணோ, 'இன்று ரத்தம் நான்கு முறை' என்று பதிய முடியுமா? வெளிநாட்டு ஆய்வுகள் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. தோட்டத்தில் கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்து சாப்பிடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு இந்த நோய் வந்தால், ரொம்ப நாள் வெளியே தெரியாமலே இருக்கும். செயலிக்குத் தனி லாக் போடலாம். அதைவிட, வீட்டில் ஒரே ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருப்பது உதவும். ராத்திரி இரண்டு மணிக்கு ஜீப் பிடிக்க வேண்டியிருந்தால் அந்த ஒருவர்தான் ஓடுவார்.

எப்போது ஜீப் பிடிக்க வேண்டும்? இதற்கு 1955-ல் இங்கிலாந்து மருத்துவர்கள் ட்ரூலவ், விட்ஸ் இருவரும் வகுத்த அளவுகோலை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ஒரு நாளில் ஆறு அல்லது அதற்கு மேல் ரத்தத்தோடு போகிறது. அதோடு காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது, அல்லது உட்கார்ந்திருக்கும்போதே நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 90-ஐத் தாண்டுகிறது என்றால் மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை. வயிறு கல்லாக உப்பினாலும், விடாமல் வாந்தி வந்தாலும், காற்றுகூடப் பிரியாமல் வலித்தாலும் அதேதான். அந்த நேரத்தில் ஆப்பைத் திறந்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். 108.

நாடி பார்க்கவும் காய்ச்சல் பார்க்கவும் வீட்டில் ஒரு தெர்மாமீட்டரும், விநாடி முள் ஓடும் ஒரு கடிகாரமும் போதும். கடைசியாகச் செய்த கொலோனோஸ்கோப்பி ரிப்போர்ட், சாப்பிடும் மருந்துகள், மருத்துவரின் எண் மூன்றையும் போட்டோ எடுத்து, வீட்டிலுள்ள அந்த ஒருவரின் போனிலும் போட்டுவைக்கலாம். கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் நடு ராத்திரி டியூட்டியில் இருக்கும் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்த மூன்றையும்தான்.